வரேன் என்றால் வருவாரா, போவாரா?

கேள்வி: விடைபெறுபவரும் 'வரேன்' என்கிறார், வரப்போகிறவரும் 'வரேன்' என்கிறார். எப்படிப் பிரித்தறிவது? எங்கே சொல்லக் கூடாது?

பதில்: விடைபெறும் 'வரேன்', 'போயிட்டு வரேன்' என்பதன் சுருக்கம். வெறும் 'போறேன்' அபசகுனம் என்பதால் முதல் பாதி உதிர்ந்துவிட்டது. எழுந்து, வாசலில் செருப்பைக் காலால் துழாவியபடி 'அப்ப வரேங்க' என்றால் கிளம்புகிறார். 'நாளைக்கு', 'பத்து மணிக்கு' என்று நேரம் ஒட்டினால் வருகிறார். நேரில் குழப்பமே இல்லை, சிக்கல் வாட்ஸ்அப்பில்தான். தனியாக ஒரு 'வரேன்' வந்தால் இங்கே உலை வைத்துவிடுவார்கள்! விடைபெறுவதானால் 'கிளம்புறேன்' என்றே எழுதுங்கள். போனில் 'வச்சிடறேன்' போதும்.

வழியனுப்புபவர் 'போங்க' என்பதில்லை. 'சரி, வாங்க' என்பார். புதிதாகத் தமிழ் பழகுபவர்கள் இதை உள்ளே வரச்சொல்வதாக நினைத்துத் திரும்பவும் உட்கார்ந்துவிடுவதுண்டு. யாழ்ப்பாணத்தில் 'போட்டு வாறன்' என்பார்கள். 'போட்டு' என்பது போய்விட்டு என்பதுதான், எதையும் போடுவதல்ல.

துக்க வீட்டில் மட்டும் 'வரேன்' கூடாது. இன்னொரு துக்கத்துக்காக மறுபடி வருவேன் என்று பொருள்படும். அங்கே வீட்டாரும் 'வாங்க' என்று வரவேற்பதில்லை. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவதே முறை. ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் 'வரேன்' என்பதற்குப் பதில் 'உடம்பைப் பார்த்துக்குங்க' என்று சொல்லிக் கிளம்பலாம்.