"போயிட்டிருக்கு சார்!"

கேள்வி: என்னையும் சேர்த்து 11 பேர் கொண்ட மென்பொருள் குழுவுக்கு புராஜெக்ட் மேனேஜராக இருக்கிறேன். அட்டவணை, பட்ஜெட், ரிஸ்க் பட்டியல் எல்லாம் கச்சிதம். வாராந்திர மீட்டிங்கில் எல்லோரும் "போயிட்டிருக்கு சார்" என்கிறார்கள். ஒப்படைக்க நான்கு நாள் இருக்கும்போதுதான் முக்கியமான ஒரு பகுதி பாதிகூட முடியவில்லை என்று தெரிந்தது. இன்னொரு சான்றிதழ் படிப்பு முடித்தால் சரியாகுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: படிப்பெல்லாம் வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள். உங்களிடம் கெட்ட செய்தி சொல்ல ஆட்கள் தயங்குகிறார்கள், அவ்வளவுதான்.

இதற்கு முன் யாராவது "தாமதமாகும்" என்றபோது முதலில் என்ன கேட்டீர்கள்? "ஏன் முன்னாடியே சொல்லல?" என்றுதானே? அதுவும் எல்லோர் முன்னிலையிலும். மற்றவர்கள் அன்றைக்கே உஷாராகியிருப்பார்கள். "சரி, எங்க நிக்குது? யார் கூட உட்கார்ந்தா முடியும்?" என்று கேட்டிருந்தால், அடுத்த வாரம் இன்னொருவர் தானாக வாய் திறந்திருப்பார்.

நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்தது. ஒரு தரப்பு பவுண்டு கணக்கில் தந்த உந்துவிசை எண்களை இன்னொரு தரப்பு நியூட்டன் கணக்காக எடுத்துக்கொண்டது பிரபலமான கதை. ஆனால் விசாரணைக் குழு, குழுக்களுக்கிடையே பேச்சுவார்த்தை போதாமல் இருந்ததையும் காரணங்களில் ஒன்றாக எழுதிவைத்தது. இத்தனைக்கும் அங்கே சான்றிதழுக்கா பஞ்சம்?

11 பேர் என்றால் இருவர் இருவராக 55 ஜோடி. அத்தனை ஜோடிக்குள்ளும் எங்கே சிக்கிக்கிடக்கிறது என்பது ஒரு மீட்டிங்கில் வெளிவராது. ஒவ்வொருவரிடமும் தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள். "எத்தனை சதவீதம் முடிஞ்சது?" என்று மட்டும் கேட்காதீர்கள், 90 என்பார்கள், அடுத்த வாரமும் அதே 90தான். "யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று கேளுங்கள். டேட்டாபேஸ் பார்ப்பவரிடம் ஒருமுறை கேட்டுப் பதில் வராமல், மறுபடி கேட்கக் கூச்சப்பட்டு டெஸ்டிங் ஆள் சும்மா உட்கார்ந்திருப்பது அப்போதுதான் தெரியவரும். அந்த இரண்டாவது முறை கேட்பது உங்கள் வேலை.

அப்புறம், மறுபடி இப்படி நேர்ந்தால் அன்றைக்கே வாடிக்கையாளருக்கு போன் போட்டு, எது தேதிக்குத் தயாராகும், எது ஆகாது என்று சொல்லிவிடுங்கள். திட்டு விழும்போது யார் பெயரையும் இழுக்காதீர்கள். இழுத்தால் சாயங்காலத்துக்குள் குழு முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் மறுபடி "போயிட்டிருக்கு சார்"தான்.