டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுல ஆயில் இன்ஜெக்‌ஷனை ஏன் கழட்டுறாங்க?

அவுட்போர்டுன்னா படகுக்குப் பின்னாடி மாட்டுற மோட்டார். டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல பெட்ரோலோட சேர்ந்து வர்ற ஆயில்தான் பேரிங், பிஸ்டன் எல்லாத்தையும் காப்பாத்துது, அந்த ஆயிலை ஒரு பம்ப் தானா அளந்து கொடுத்தா அதுதான் ஆயில் இன்ஜெக்‌ஷன். டீக்கடையில ஒவ்வொரு கிளாஸுக்கும் தனித்தனியா சர்க்கரை போடுற மாதிரி. பம்பைக் கழட்டிட்டா மொத்த பாத்திரத்துலயும் நாமளே கலக்கணும், நிறைய மோட்டாருக்கு 50:1, அதாவது 25 லிட்டர் பெட்ரோலுக்கு அரை லிட்டர் ஆயில்.

பழைய பம்ப் நடுக்கடல்ல நின்னா கொஞ்ச நேரத்துலயே இன்ஜின் சீஸ் ஆயிடும், அதாவது உள்ள இறுகி நின்னுடும், அந்த பயத்துலதான் கழட்டுறாங்க, நியாயமான பயம்தான். ஆனா 1984ல ஜான்சன், எவின்ரூட் கம்பெனி மோட்டார்கள்ல வந்த விஆர்ஓங்கற ஆயில் பம்ப்ல பெட்ரோல் பம்பும் சேர்ந்தே இருக்கும், அதனால கழட்டினா வேற பெட்ரோல் பம்ப் கண்டிப்பா மாட்டணும்.

ஆயில் அளவுக்கு மேல ஊத்தினா கூடுதல் பாதுகாப்புன்னு நினைக்காதீங்க, ஸ்பார்க் பிளக்தான் கரி பிடிக்கும்.