பி.எஃப். பிடித்தம் கூடினால் பிள்ளையின் ஜீவனாம்சம் குறையுமா?

கே: மகனுக்கு ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்ட மறுமாதமே கணவர் பி.எஃப். பிடித்தத்தைக் கூட்டிவிட்டார். கைக்கு வருவது 45,200 ரூபாய்தான் என்கிறார். நீதிமன்றம் ஏற்குமா? (வாசகி, மதுரை)

ப: சம்பள ரசீதை வரிவரியாகப் பார்க்க வேண்டும். மொத்தச் சம்பளம் 65,000, அதில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 40,000 என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீத பி.எஃப். 4,800 ரூபாய். கைக்கு 45,200 தான் என்றால், பிடித்தத்தில் மீதி 15,000 வி.பி.எஃப். என்று தனி வரியில் இருக்கும். அது அவராக விரும்பிச் சேர்ப்பது. வருமான வரியும் கட்டாய பி.எஃப். தொகையும் கழியலாம், வீட்டு வாடகையும் மின்கட்டணமும் கழியாது என்று உச்ச நீதிமன்றம் 1970-லேயே குல்பூஷண் குன்வர் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே, வரி இல்லையென்றால் கணக்கு 60,200-லிருந்து தொடங்க வேண்டும். வழக்குக்கு முந்தைய மாதங்களின் ரசீதுகளையும் கேளுங்கள். பிடித்தம் எப்போது ஏறியது என்பது அதிலேயே தெரிந்துவிடும். தன் ஓய்வுகாலச் சேமிப்பைப் பெருக்கப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் கைவைப்பது நியாயமே இல்லை.

கே: அவருடைய ரசீது எனக்கு எப்படிக் கிடைக்கும்? (வாசகி, திருப்பூர்)

ப: 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு, இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். அவர் மறைத்தால், நிறுவனத்திடமிருந்தே சம்பள விவரத்தை வரவழைக்கும்படி மனுப் போடலாம். அப்புறம், நீங்களும் வேலைக்குப் போனால் உங்கள் சம்பளத்தையும் ஒளிக்காமல் எழுதுங்கள். படிப்புச் செலவைச் சம்பாத்தியத்துக்கு ஏற்பப் பகிரச் சொல்லலாமே தவிர, தந்தையின் கடமை அதனால் தீராது.

கே: அரசு ஊழியன். சி.பி.எஸ். (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) பிடித்தமும் எல்.ஐ.சி. பிரீமியமும் போகின்றன. இரண்டையும் கழிக்கலாமா? (வாசகர், சேலம்)

ப: சி.பி.எஸ். பிடித்தம் உங்கள் விருப்பத்தில் இல்லை, கழிக்கக் கேட்கலாம். எல்.ஐ.சி. உங்கள் பெயரில் சேரும் சொத்து. அதைக் கழிக்கும்படி உரிமையாகக் கேட்க முடியாது.

கே: தந்தை ஓய்வு பெற்றுவிட்டார், மகளுக்கு வயது 14. ஓய்வூதியத்தில் கைவைக்க முடியாது என்கிறாரே? (வாசகி, கடலூர்)

ப: மாத ஓய்வூதியமும் வருமானம்தான். 1871-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் கடன்காரர்களிடமிருந்துதான் அதைக் காக்கிறது. ஜீவனாம்சத்துக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று மும்பை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தொகை வராவிட்டால், உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவில் அந்தத் தீர்ப்பைக் காட்டும்படி உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.