ரங்கூன் வெயிலுக்கு ஏற்ற செடித் தொட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்கள் வீடு மூன்றாவது மாடி. இரண்டடி மீன் தொட்டி ஒன்று வைத்து உள்ளே செடி வளர்க்க ஆசை. வீடியோக்களில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், பெரிய ஃபில்டர், விலை கூடிய லைட் எல்லாம் காட்டுகிறார்கள். கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத நம் ஊரில் இது சரிப்படுமா?
— கல்லூரி மாணவர், தாம்வே, ரங்கூன்

சரிப்படும் தம்பி. சிலிண்டர் வேண்டாம் என்று இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள், நன்றாகவே சரிப்படும். தானாக மூடும் வால்வு இல்லாத சிலிண்டர் நம் ஊருக்கு ஆபத்தானதும்கூட. கரண்ட் போனதும் லைட் அணைந்துவிடும், வாயு மட்டும் வந்துகொண்டே இருக்கும். இருட்டில் செடி அதை எடுத்துக்கொள்ளாது, மீன் மூச்சு முட்டிச் செத்துப்போகும். செடியும் மண்ணும் சேர்ந்து வேலை செய்கிற தொட்டிதான் ரங்கூனுக்குத் தோதானது. எங்கள் வீட்டில் இருப்பது அதுதான்.

முதலில் எடையைப் பாருங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், பதினைந்து அங்குல உயரம் என்றால் சுமார் 70 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் கிட்டத்தட்ட இரண்டு மூட்டை அரிசியின் பாரம். பழைய கட்டடத்தில் நடுக்கூடத்தில் வைக்காமல் சுவர் ஓரமாக வையுங்கள். தொட்டிக்கு அடியில் தெர்மகோல் ஷீட் ஒன்று போடுங்கள், ஸ்டாண்டில் சின்ன மேடு பள்ளம் இருந்தாலும் கண்ணாடி விரிசல் விடாது. மேற்கு வெயில் படும் சுவர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அடியில் போடும் மண்ணுக்குக் கடைப் பாக்கெட் தேவையில்லை. உரமும் பூச்சிமருந்தும் படாத தோட்டத்து மண்ணைச் சலித்து, வாளியில் தண்ணீர் விட்டுக் கலக்கி, மிதக்கும் சருகையும் குச்சியையும் வடித்து ஊற்றிவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்யலாம். அதோடு ஒரு கைப்பிடி செம்மண் கலந்தால் இரும்புச் சத்துக்குக் குறைவிருக்காது. நம் ஊர்ப் பக்கம் செம்மண்ணுக்கா பஞ்சம்? ஓர் அங்குலம் மண், அதன்மேல் நன்றாகக் கழுவிய பருமணல் ஒன்றரை அங்குலம். இதற்கு மேல் மண்ணைக் கூட்டாதீர்கள். அடியில் காற்றில்லாமல் அழுகி, அழுகிய முட்டை வாடை வரும். மண்ணில் இருக்கும் மக்கிய பொருள் சிதையும்போது முதல் சில மாதங்களுக்குச் செடிக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு அங்கிருந்தே கிடைக்கும்.

அப்புறம் செடி. நான் சொல்வதில் இதை மட்டும் மறக்க வேண்டாம்: முதல் நாளே நிறைய நடுங்கள், மணல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. ஓரத்தில் இரண்டு கொத்து வைத்துவிட்டு அது வளரும் என்று காத்திருந்தால் பாசிதான் முந்திக்கொள்ளும். வாலிஸ்னேரியா, ஹைக்ரோஃபிலா, மிதக்கவிட ஹார்ன்வொர்ட் ஆகிய மூன்றும் வேகமாக வளரும், நம் வெயிலுக்கு அஞ்சாது. கிரிப்டோகொரைன் நட்டால் முதல் இரண்டு வாரத்தில் இலையெல்லாம் கரைந்துபோகலாம். பிடுங்கி எறியாதீர்கள், வேரிலிருந்து திரும்ப வரும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டையும் மரக்கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டுங்கள். அவற்றின் கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். இன்னொரு செடி, பார்க்ளயா. நீண்டு நெளிந்த இலை, செம்பழுப்பு நிறம். இது நம் பர்மாவிலேயே காட்டோடையில் வளர்வது, 1827ல் வாலிச் என்ற தாவரவியலாளர் இதை உலகுக்கு விவரித்தார். சூடான தண்ணீர் அதற்குப் பிடிக்கும். நத்தைகளுக்கு அதன் இலை பிடிக்கும் என்பதுதான் சங்கடம்.

மீன் விடுவதற்கு அவசரமே வேண்டாம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த இரண்டு கூட்டமும் தொட்டியில் குடியேற மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும். செடி நிறைய இருந்தால் அம்மோனியாவை அதுவே நேராக உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் செடி, செடி என்று இத்தனை தடவை சொல்கிறேன். முதல் மாதம் வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

இனி கரண்ட். ஃபில்டருக்குப் பஞ்சு ஃபில்டரும் காற்றுப் பம்பும் போதும். மூடிய பெட்டி ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோனால் உள்ளே பாக்டீரியா செத்து அழுகும், கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீரைத் தொட்டிக்குள் தள்ளும். பஞ்சு ஃபில்டர் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே திறந்து நிற்பதால் அந்தப் பயம் குறைவு. யு.எஸ்.பி. காற்றுப் பம்பு ஒன்று வாங்கி பவர் பேங்க்கில் மாட்டுங்கள், முக்கியமாக ராத்திரியில். பகலில் பிராணவாயு தருகிற அதே செடி இருட்டில் அதை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். லைட் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். ஒரே மூச்சாக எரிய வேண்டியதில்லை, காலையில் மூன்று, மாலையில் நான்கு என்று கரண்ட் வரும் நேரத்துக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

வெயில் கொளுத்தும் ஏப்ரல்தான் பரீட்சை. 20 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். மூடியைத் திறந்து வலை போட்டு, ஒரு சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள். மீனைக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் நல்லபடியாகக் கழியும்.

கேள்வி: மீன் இல்லாமல் ஒரு மாதம் தண்ணீரைத் தேக்கி வைத்தால் கொசு வரும், பிள்ளைகளுக்கு டெங்கி வரும் என்று மாமியார் தொட்டி வைக்கவே விடமாட்டேன் என்கிறார்கள். என்ன சொல்லிச் சமாளிப்பது?
— இல்லத்தரசி, இன்செயின்

சமாளிக்க வேண்டாம் தங்கச்சி, அத்தை சொல்வது சரி. டெங்கி கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். மழைக்காலத்தில் நம் வீடுகளில் பூச்சாடித் தட்டுகூட ஆபத்து. அதனால் மீன் இல்லாத அந்த வாரங்களில் தொட்டியின் வாயை மெல்லிய கொசுவலையால் மூடி, சுற்றிலும் எலாஸ்டிக் போட்டு இறுக்கிவிடுங்கள். குளோரின் போக எடுத்து வைக்கும் வாளித் தண்ணீரை மறுநாளே பயன்படுத்திவிடுங்கள். மீன் வந்த பிறகு கவலையே இல்லை. உள்ளே விழும் கொசுப்புழு அவற்றுக்கு விருந்து. வலையோடு தொட்டியை அத்தையிடம் காட்டுங்கள், ஒத்துக்கொள்வார்கள்.

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாளியில் வைத்தால் மறுநாள் காவி நிறமாகி அடியில் படிகிறது. மழைத்தண்ணீர் வேண்டிய மட்டும் இருக்கிறது. தொட்டிக்கு எது நல்லது?
— வாசகி, மோல்மீன்

காவி படிவது இரும்பு. வாளியில் காற்றுப் பம்பு போட்டு ஓர் இரவு விட்டால் முழுக்கப் படியும், மேல் தண்ணீரைத் தெளியவைத்து எடுத்துக்கொள்ளலாம். இரும்பு செடிக்கு நல்லதுதான், கலங்கலாக மீனின் செவுளில் ஒட்டுவதுதான் கெடுதல்.

உங்கள் ஊர் மழையைக் கேட்கவா வேண்டும்! ஆனால் மழைத்தண்ணீர் மட்டும் போதாது, அதில் உப்புச் சத்து ஏதும் இல்லை. செடிக்கும் நத்தை ஓட்டுக்கும் கால்சியம் வேண்டும், காரத்தன்மை இல்லாவிட்டால் பி.எச். என்ற அமில-கார அளவு திடீரென்று சரியும். கிணற்றுத் தண்ணீர் பாதி, மழைத்தண்ணீர் பாதி என்று கலந்து தொடங்குங்கள். பருவத்தின் முதல் மழை கூரைத் தகரத்தின் தூசியையும் துருவையும் கழுவிக்கொண்டு வரும், அதைப் பிடிக்காதீர்கள். தொட்டியில் வைக்கக் கல் எடுக்கும்போது இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்புக் கல். பா-ஆன் பக்கத்துக் குன்றுகளெல்லாம் அந்தக் கல்தான். அது தண்ணீரைக் கடினமாக்கும், அதாவது அதில் கால்சியத்தைக் கூட்டும். மழைத்தண்ணீர் அதிகம் விடுகிற தொட்டியில் அப்படி ஒரு கல் இருப்பது நல்லதும்கூட.

கேள்வி: கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. மருந்து ஊற்றலாமா?
— வாசகர், பெகு

வேண்டாம். ஜன்னல் வெயில் படுகிறதா பாருங்கள், லைட்டை ஆறு மணி நேரமாகக் குறையுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள், வேகமாக வளரும் செடியைக் கூட்டுங்கள். இருக்கிற பாசியைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுக்கலாம்.

கேள்வி: நம் நாட்டு மீன்களை மட்டும் வைத்து ஒரு தொட்டி அமைக்க வேண்டும். வெளிநாட்டில் கேலக்ஸி மீன் என்று விற்பது எங்கள் பக்கத்து மீன் என்கிறார்களே, உண்மையா?
— பள்ளி ஆசிரியர், டவுங்ஜி

உண்மைதான் சார். இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், அவ்வளவு சந்தோஷம். ஹோபோங் உங்களுக்குப் பக்கத்து ஊர் அல்லவா? அங்கே செடி அடர்ந்த ஆழமில்லாத குட்டைகளில் 2006ல் கண்டெடுக்கப்பட்டது அந்த மீன். 2007ல் டைசன் ராபர்ட்ஸ் என்ற மீன் ஆய்வாளர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார், பிறகு டானியோ என்ற சிறுமீன் பேரினத்தில் சேர்த்தார்கள். இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். கருநீல உடம்பில் முத்து முத்தாகப் புள்ளிகள், துடுப்பில் சிவப்பும் கறுப்பும். படம் வெளியானதும் உலகம் முழுக்கக் கேட்டார்கள், ஓடி ஓடிப் பிடித்தார்கள், அந்த இனமே அழிந்துவிடுமோ என்று ஆராய்ச்சியாளர்கள் பயந்தார்கள். அதனால் குட்டையில் பிடித்ததை வாங்காதீர்கள், தொட்டியில் பிறந்ததைத் தேடி வாங்குங்கள்.

ரங்கூன் வெயிலில் நாங்கள் பாடுபட்டு வளர்க்க வேண்டிய மீன் உங்களுக்குச் சுலபமாக வரும். அது 22, 24 டிகிரித் தண்ணீரில் வாழ்ந்து பழகியது. குளிர்கால ராத்திரிகளில் மட்டும் தொட்டியை ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு மீனாக வையுங்கள், பெண் அதிகம் இருக்கட்டும், ஆண்கள் ஒன்றையொன்று விரட்டும். ஜாவா பாசி என்ற நீர்ச்செடியை ஒரு மூலையில் அடர்த்தியாக விட்டால் அதற்குள் முட்டையிடும். பெற்ற மீனே முட்டையைத் தின்னும் என்பதால் அந்தப் பாசிக் கொத்தை இன்னொரு சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள், மூன்று நான்கு நாளில் பொரிக்கும். குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது. பழைய செடித் தொட்டியின் இலைகளில் இருக்கும் நுண்ணுயிர்தான் அவற்றின் முதல் உணவு.

இன்லே ஏரி மீன்களையும் மறக்க வேண்டாம். 1918ல் நெல்சன் அனன்டேல் என்ற விலங்கியலாளர் அந்த ஏரியின் மீன்களை விவரித்தபோது உலகில் வேறெங்கும் இல்லாத பல வகைகளைக் குறித்துவைத்தார். செதிலே இல்லாத, மூக்கும் வால்நுனியும் சிவந்த சௌப்வா மீன் அதில் ஒன்று. உடம்பில் கோடு கோடாக மரகத நிறம் காட்டும் குட்டி டானியோ இன்னொன்று. இரண்டுக்கும் கடினமான, காரத்தன்மையுள்ள தண்ணீர் வேண்டும். ஷான் மலை சுண்ணாம்பு மலை, உங்கள் குழாயில் வருவதே பெரும்பாலும் போதும். இன்று அந்த ஏரிக்குள் வண்டலும் மிதக்கும் தோட்டங்களின் பூச்சிமருந்தும் இறங்குகின்றன, வெளியிலிருந்து வந்த திலாப்பியா வேறு பெருகிவிட்டது. உங்கள் பிள்ளைகள் பள்ளித் தொட்டியில் இந்த மீன்களின் குஞ்சைப் பார்த்து வளர்ந்தால், ஏரியைப் பற்றிப் பேசும்போது அவர்களுக்கு அது வெறும் பாடமாக இருக்காது. வகுப்பறையிலேயே ஒன்று வையுங்கள் சார்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கப்பி மீன்கள் அளவில்லாமல் பெருகிவிட்டன. திஞ்சான் புத்தாண்டுக்கு எல்லோரும் புண்ணியத்துக்கு மீன் விடுகிறார்களே, நாங்களும் குளத்தில் விடலாமா? வெட்டிய செடிகளையும் சேர்த்துப் போடலாமா?
— வாசகி, ரங்கூன்

இரண்டுமே கூடாது அம்மா. உயிர்விடுதலை என்ற எண்ணம் உயர்ந்தது, அதில் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் கப்பி தென் அமெரிக்க மீன். நம் குளத்தில் விட்டால் அங்கிருக்கும் சின்ன மீன்களின் தீனியைத் தின்னும், தொட்டியிலிருந்து நோயையும் கொண்டுபோகும். கண்ணாடி சுத்தம் செய்யும் என்று வாங்கி, ஓரடிக்கு மேல் வளர்ந்த பிறகு ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்களே சக்கர் மீன், அது இன்னும் மோசம். செடிக்கு உதாரணம் தேட வேண்டியதே இல்லை: நம் ஓடையையெல்லாம் அடைத்துக் கிடக்கும் ஆகாயத் தாமரை, அழகுக்காக அமேசான் பக்கத்திலிருந்து உலகம் முழுக்கக் கொண்டுபோகப்பட்ட செடிதான்.

வெட்டிய செடியை வெயிலில் நன்றாகக் காயவைத்து ரோஜாச் சாடியில் போடுங்கள், நல்ல உரம். கப்பியை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் மீன் கடைக்கும் கொடுங்கள். மேலும் பெருகாமல் இருக்க ஆண்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களை மட்டும் வைத்தால் நிற்காது. ஒருமுறை சேர்ந்த பெண் கப்பி அந்த வித்தை உடம்பிலேயே வைத்துக்கொண்டு, ஆண் இல்லாமலேயே மாதக்கணக்கில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும்.