பச்சையாகத் தின்னும் கோஸைத் தனியாக வளர்க்க வேண்டும்

கேள்வி: தாளவாடி மலையில் ஒன்றரை ஏக்கரில் முட்டைக்கோஸ் போட்டிருக்கிறேன். விலை இல்லாததால் வெட்டைப் பத்து நாள் தள்ளிப்போட்டேன். நடுவில் பெய்த மழையில் நிறையக் கோஸ் வெடித்துவிட்டது. திருப்பூரில் இருக்கும் மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். கோஸை வேகவைக்காமல் அரிந்து சாலட், கோல்ஸ்லா என்று செய்கிறாள். ஆறு வயதுப் பேத்தி விரும்பித் தின்கிறாள். நான் மருந்தடித்து எட்டு நாள்தான் ஆகிறது. மருந்துக் கடையில் இரண்டைக் கலந்து கொடுத்தார்கள். கோஸ் புழு மூளைக்குப் போய்விடும் என்றும் ஊரில் சொல்கிறார்கள். பேத்திக்குக் கொடுக்கலாமா? இன்னொன்று, செய்துவைத்த அரை மணி நேரத்தில் சாலட்டில் தண்ணீர் நின்றுவிடுகிறது. இது ரகத்தின் குறையா?

பதில்: ஐயா, வணக்கம். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வயல் கோஸை இப்போது பேத்திக்குப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். மருந்து டப்பாக்களை எடுத்து, ஒட்டியிருக்கும் தாளைப் படித்துப் பாருங்கள். கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாள் விட வேண்டும் என்று அதில் போட்டிருப்பார்கள். இரண்டு மருந்து கலந்திருந்தால், எதற்கு நாள் அதிகமோ அதையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவே இல்லை, கடைக்காரர் கலந்து ஊற்றிக் கொடுத்தார் என்றால், இந்தப் போகத்துக் கோஸைப் பச்சையாகத் தின்பதை மறந்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு எந்தக் கணக்கோ, மூட்டையில் ஏற்றித் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே அனுப்பும் கோஸுக்கும் அதே கணக்குதான். சந்தையில் அதை வாங்குகிற வீட்டிலும் ஒரு பேத்தி இருப்பாள்.

கழுவினால் போய்விடாதா என்று கேட்பீர்கள். விடிகாலையில் வயலில் நின்று ஒரு கோஸ் இலையைப் பாருங்கள். சேம்பிலையில் நிற்பதைப் போலப் பனித்துளி முத்து முத்தாக உருண்டு நிற்கும். இலையின் மேல் வெள்ளைப் பொடி போல மெழுகு படர்ந்திருப்பதுதான் காரணம். விரலால் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளவென்று பச்சையாகிவிடும். மருந்தும் இப்படி உருண்டு ஓடிவிடக் கூடாது என்றுதான் ஒட்டும் திரவம் கலந்து அடிக்கிறோம். அப்படி ஒட்டவைத்ததை ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட முடியாது. இலையில் ஊடுருவிப் பாயும் வகை மருந்தாக இருந்தால் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் எதுவும் அதை முழுதாக வெளியே எடுக்காது. நாள் கடந்து அது சிதைய வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் கோஸின் அமைப்பிலேயே நமக்கு ஒரு நல்லது இருக்கிறது. அது உள்ளிருந்து வளரும் பயிர். தலை கட்டிய பிறகு உள்ளே உண்டாகும் இலைகள் வெளிக்காற்றையே பார்ப்பதில்லை. மேலே படுகிற மருந்தின் பெரும்பங்கு வெளி இலைகளிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே காத்திருப்பு நாள் முடிந்த பிறகும், வெளியே உள்ள மூன்று நான்கு இலைகளைக் கழற்றிப் போட்ட பிறகே சமையலறைக்குள் கொண்டுபோக வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்காத, இறுகிய கோஸாகப் பார்த்து எடுங்கள். தளர்ந்த தலைக்குள் தெளித்த மருந்தும் போகும், மழைநீரும் போகும், பூச்சியும் போகும். வெடித்த கோஸுக்கும் இதுவேதான். அதைப் பச்சையாகத் தின்ன எடுக்காதீர்கள். வெடித்த பக்கத்தை ஆழமாக அரிந்து தள்ளிவிட்டு, மீதியைக் காத்திருப்பு நாள் முடிந்ததும் பொரியலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெடிப்புக்குக் காரணத்தை உங்கள் கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள். முற்றிய தலையின் வெளி இலைகள் விறைத்துப் போயிருக்கும். மழை பெய்ததும் வேர் மடமடவென்று நீரை இழுக்க, உள்ளே பருக்கிற வேகத்துக்கு வெளித்தோல் இடம் கொடுப்பதில்லை. விலைக்காக ஒரு வாரம் நிறுத்திவைக்க நேர்ந்தால், பாசனத்தைக் குறைத்துவிட்டு, செடியைத் தலையோடு பிடித்து அரைச் சுற்றுத் திருப்பிவிடுங்கள். பக்க வேர்கள் கொஞ்சம் அறுந்து, நீர் ஏறுவது மட்டுப்படும். ஒன்றரை ஏக்கருக்கும் இது ஆகாது. முன்னால் முற்றிய வரிசைகளுக்காவது செய்யலாம். வெடித்ததையெல்லாம் மாட்டுக்குக் கொட்டினால் வயிறு உப்பிவிடும், பாலிலும் வாடை ஏறும். காத்திருப்பு நாள் கழிந்த பிறகு, பால் கறந்து முடித்ததும், சோளத்தட்டோடு கலந்து கொஞ்சமாகப் போடுங்கள்.

அடுத்து, மூளைக்குப் போகும் புழு. இந்தப் பயத்தால் கோஸையே விட்டுவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், ஆகையால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கோஸ் இலையில் நீங்கள் பார்க்கும் சின்னப் பச்சைப் புழு வைரமுதுகு அந்துப்பூச்சியின் குஞ்சு. தொட்டால் துள்ளும், நூல் விட்டு இலையிலிருந்து தொங்கும். அது இலையைத் தின்னும் பூச்சி. தவறி வயிற்றுக்குள் போனாலும் மூளைக்கு ஏறாது. மூளையைத் தாக்குவது பன்றி நாடாப்புழு. அதன் முட்டை, நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்தோடு வெளியேறி, சாக்கடை நீர் வழியாகவோ மண் வழியாகவோ கழுவாத கை வழியாகவோ காய்கறிக்கு வருகிறது. கண்ணுக்குத் தெரியாது. கோஸில் மட்டும் இருப்பதும் இல்லை. கொத்தமல்லி, கேரட், கீரை எதிலும் ஒட்டி வரலாம். வேகவைத்தால் சாகும், பச்சையாகத் தின்றால் சாகாது. எனவே புழுவைத் தேடிப் பிடிப்பதைவிட, வயலுக்கு என்ன தண்ணீர் பாய்கிறது, என்ன உரம் போகிறது என்று பார்ப்பதே முக்கியம். சாக்கடை கலந்த நீர் பாயும் வயலின் காயைப் பச்சையாகத் தின்னவே கூடாது. பச்சைச் சாணத்தையும் கோஸ் வயலில் போடாதீர்கள். நன்றாக மக்கிய தொழு உரத்தை மட்டும், அதுவும் நடவுக்கு முன்பே போட்டு உழுதுவிடுங்கள்.

இப்போது அம்மணியின் சாலட்டுக்கு வருகிறேன். ரகத்தின் மேல் குற்றமில்லை. கோஸில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அரிந்த கோஸில் உப்புப் பட்டதும் உள்ளே இருக்கும் நீரை உப்பு வெளியே இழுக்கிறது. தயிரையும் எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் ஒன்றாகக் கலந்து மேசையில் வைத்தால் அரை மணியில் குளம் கட்டாமல் என்ன செய்யும்? அந்த நீரை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். அரைக் கிலோ அரிந்த கோஸுக்கு ஒரு தேக்கரண்டி உப்பைத் தூவி, கையால் பிசறி, அரை மணி நேரம் வடிதட்டில் வையுங்கள். பிறகு இரண்டு கைகளாலும் பிழிந்தால் பச்சை வாடையோடு நீர் இறங்கும். மிஞ்சும் கோஸ் வளையும், ஆனால் பல்லில் நறுக்கென்று கடிபடும். பிறகு வேறு உப்புப் போட வேண்டியதில்லை. மொறுமொறுப்பாகவே வேண்டும் என்றால், அரிந்ததைக் குளிர்ந்த குடிநீரில் பத்து நிமிடம் போட்டு, வடித்து, பழைய வேட்டித் துணியில் ஈரம் போக ஒற்றி, சாப்பிட உட்காரும்போது மட்டும் கலக்க வேண்டும்.

அரிவதற்கு அரிவாள்மனையைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. கோஸை நான்காகப் பிளந்து, நடுத்தண்டை எடுத்துவிட்டு, இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஓடும் நீரில் விரலால் தேய்த்துக் கழுவி, மறுபடி அடுக்கிச் சுருட்டி மனையில் கொடுத்தால் நூல் போல விழும். முழுக் கோஸைக் கழுவுவதால் பயனில்லை. அரிந்த பிறகு வெகுநேரம் ஊறவைத்தால் வைட்டமின் சி நீரோடு போய்விடும். கலக்கும் கை கழுவிய கையாக இருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கோல்ஸ்லா என்ற பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது. 'கோல்' என்றால் கோஸ், 'ஸ்லா' என்றால் சாலட். அதற்குக் கடையில் விற்கும் மயோனைஸ்தான் வேண்டும் என்பதில்லை. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. கிருமி பெருகும் என்பதே காரணம். அதற்குப் பதில் எருமைத் தயிரைத் துணியில் கட்டி மூன்று மணி நேரம் தொங்கவிட்டால் வெண்ணெய் போலத் திரண்டு வரும். அதில் கொஞ்சம் கடுகை அரைத்துப் போட்டு, மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை நாட்டுச் சர்க்கரை சேர்த்துப் பிழிந்த கோஸில் கலந்தால் குழந்தைகள் கிண்ணத்தை வழித்துத் தின்பார்கள். கடுகும் கோஸும் ஒரே குடும்பம். கோஸை அரிந்தால் வரும் அந்தக் கார நெடி கடுகின் நெடிதான். தண்ணீர் காட்டாமல் காயவிட்ட பயிரில் அது இன்னும் ஏறும்.

எனக்குப் பிடித்தது வேறு. நம் கோசுமல்லி இருக்கிறதே, உங்கள் மலையில் கன்னடம் பேசுகிறவர்கள் கோசம்பரி என்பார்கள், அதில் வெள்ளரிக்காய்க்குப் பதில் உப்பிட்டுப் பிழிந்த கோஸைப் போடுங்கள். ஒரு மணி நேரம் ஊறிய பாசிப்பருப்பு, துருவிய கேரட், தேங்காய், கொத்தமல்லி, எலுமிச்சை. மேலே செக்குக் கடலெண்ணெயில் கடுகும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டி, வறுத்த நிலக்கடலையை ஒன்றிரண்டாகத் தட்டித் தூவினால் போதும். தைராய்டு குறைவுக்கோ, ரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால், தினமும் பச்சைக் கோஸ் தின்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பேத்தி ஒவ்வொரு விடுமுறைக்கும் வருவாள் அல்லவா? அதற்காக அடுத்த போகத்தில் வீட்டை ஒட்டி நான்கு பாத்தியை ஒதுக்குங்கள். பெரிய வயலில் அடிக்கும் மருந்துச் சாரல் காற்றில் வந்து விழாத பக்கமாக இருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரோ போர்த் தண்ணீரோ அதற்குத் தனியாகப் பாய வேண்டும். கோல்டன் ஏக்கர் போன்ற சீக்கிரம் தலை கட்டும் சிறிய உருண்டை ரகம் போதும். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். இலை தளர்ந்து, தலையும் எளிதில் வெடிக்கும். தலை கட்டத் தொடங்கும்போது புழு தெரிந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிர் மருந்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் மாலையில் தெளியுங்கள், ஏனென்றால் வெயில் பட்டால் அதன் வீரியம் குறையும். அதன் பிறகு வேப்பங்கொட்டைச் சாறு: பத்து லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ வேப்பம்பருப்புத் தூளை இரவே ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து அடிக்கலாம்.

பெரிய வயலிலும் கடுகைப் பொறிப்பயிராகப் போட்டுப் பாருங்கள். 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு. அந்துப்பூச்சி கோஸைவிடக் கடுகில் முட்டையிடுவதையே விரும்பும், தெளிப்பைப் பெரும்பாலும் அந்த வரிசைகளோடு முடித்துக்கொள்ளலாம். ஒரு வரிசையை நாற்று நடுவதற்கு 15 நாள் முன்பும், இன்னொன்றை நட்டு 25 நாள் கழித்தும் விதைக்க வேண்டும். ஆகவே கோஸ் நாற்று நாற்றங்காலில் இருக்கும்போதே கடுகு விதையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.