இருபத்தெட்டு நாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிறவிக் குறைபாடுகளையும் ஃபோலிக் அசிட் என்ற விட்டமினையும் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட குழந்தை வைத்தியர் ரிச்சர்ட் ஸ்மிதெல்ஸ் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் மச்சாளுக்குப் போன வருஷம் ஐந்தாம் மாத ஸ்கேனில், பிள்ளையின் முதுகுத்தண்டு மூடவில்லை என்று சொன்னார்கள். பிள்ளை தங்கவில்லை. எட்டாவது கிழமை கிளினிக்கில் பதிந்த நாளிலிருந்து ஒருநாளும் தவறாமல் ஃபோலிக் அசிட் குளிசை போட்டவ. பிறகும் ஏன் இப்படி? கிரகணத்தன்று மரக்கறி வெட்டினதுதான் காரணம் என்று மாமி சொல்லுறா. இப்ப மச்சாளும் அதை நம்பத் தொடங்கிவிட்டா.

சுபா, வெள்ளவத்தை

அன்புள்ள சுபா,

முதலில் மச்சாளிடம் சொல்லுங்கள்: கிரகணமும் இல்லை, கத்தியும் இல்லை. அவ செய்ய வேண்டியதை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறா. குளிசை அவ கைக்கு வந்த நேரம்தான் பிந்திவிட்டது.

கரு உண்டான தொடக்கத்தில் மூளையும் முண்ணாணும் வெறும் தட்டையான ஒரு தகடு. அதன் இரு ஓரங்களும் எழும்பி, வளைந்து, நடுவில் சந்தித்து ஒட்டிக் குழாயாகின்றன. 28 நாட்களுக்குள் இந்த வேலை முடிந்துவிடும். அந்த நேரத்தில் மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு கிழமைதான் ஆகியிருக்கும். பலருக்குச் சந்தேகமே அப்போதுதான் வருகிறது. எட்டாவது கிழமையில் போடும் குளிசை தாயின் இரத்தத்துக்கு நல்லது, ஆனால் மூடாமல் விட்ட குழாயை அதனால் மூட முடியாது.

ஃபோலிக் அசிட் குறைவுக்கும் இந்தக் குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதை ஸ்மிதெல்ஸ் பிடித்தது சிறுநீரிலிருந்து. உடலில் ஃபோலேட் (ஃபோலிக் அசிட் வகை விட்டமின்) குறைந்தால் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் முழுதாக உடையாமல் பாதியில் நின்று, ஃபிக்ளு என்ற பொருளாகச் சிறுநீரில் வெளியேறும். இங்கிலாந்தின் லிவர்பூலில் அவரும் எலிசபெத் ஹிப்பார்டும், குறைபாடுள்ள பிள்ளை பெற்ற தாய்மாரைச் சோதித்தபோது, மற்றத் தாய்மாரைவிட அவர்களிடம் அது மிக அதிகமாகத் தெரிந்தது. 1965இல் அதை வெளியிட்டார்கள்.

பிறகு லீட்ஸில் இருந்து அவர் நடத்திய பரிசோதனையைத்தான் மச்சாளுக்கு விளக்க வேண்டும். ஏற்கெனவே இப்படியொரு பிள்ளையைப் பெற்ற தாய்மாருக்கு, கருத்தரிக்கக் குறைந்தது 28 நாள் முன்பே ஃபோலிக் அசிட் சேர்ந்த விட்டமின் குளிசையைத் தொடங்கினார். இரண்டாவது மாதவிலக்கு தவறும்வரை கொடுத்தார். கவனியுங்கள் சுபா, அந்தத் தாய்மார் நிறுத்திய கிழமையில்தான் உங்கள் மச்சாள் தொடங்கியிருக்கிறா.

முழுதாக எடுத்த 178 பேரில் ஒருவருக்குத்தான் குறைபாடு திரும்ப வந்தது. எடுக்காத 260 பேரில் 13 பேருக்கு வந்தது. வெற்றுக் குளிசை கொடுத்து ஒப்பிட நெறிமுறைக் குழுக்கள் அனுமதிக்காததால், அவர் ஒப்பிட்டது ஏற்கெனவே கர்ப்பமாகி வந்தவர்களையும் மறுத்தவர்களையும். அதனால் 1980இல் முடிவு வந்ததும், தாமாக முன்வந்த தாய்மார் ஏற்கெனவே ஆபத்துக் குறைந்தவர்களாக இருக்கலாம் என்று எதிர்வாதம் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் கிடைக்க இன்னும் பதினொரு வருஷம் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. 1991இல் நிக்கலஸ் வால்ட் தலைமையில் ஏழு நாடுகளில் 33 மருத்துவ நிலையங்களில் நடந்த சோதனை தீர்த்து வைத்தது: ஃபோலிக் அசிட் எடுத்தவர்களில் 6 பேருக்கும் எடுக்காதவர்களில் 21 பேருக்கும் குறைபாடு. இதற்குமேல் எந்தத் தாய்க்கும் அதைக் கொடுக்காமல் விடக்கூடாது என்று சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஆறு பேரையும் மறக்க வேண்டாம். நேரத்துக்கு எடுத்தும் அவர்களுக்கு நடந்தது. பரம்பரையும் வேறு காரணங்களும் உண்டு. ஆகவே யாரும் மச்சாளைப் பார்த்து ‘முன்னமே எடுத்திருக்கலாமே’ என்றும் சொல்லக்கூடாது.

எங்கள் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு மிட்வைஃப் வீடு தேடி வந்து குளிசை கொடுத்தா. அவள் அதைச் சீனிப் போத்தலுக்குப் பின்னால் வைத்தவள்தான். பிள்ளை இப்ப வேண்டாம் என்றிருப்பவளுக்கு இது எதற்கு என்று நினைத்துவிட்டாள். அது எதற்கு என்று யாரும் அவளுக்கு இருத்திச் சொல்லவில்லை.

ஒருமுறை இப்படி நடந்தவருக்கு வழக்கமான அளவு போதாது. 1991 சோதனையில் கொடுத்தது நாளுக்கு 4 மில்லிகிராம். அளவை வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த பிள்ளையைப் பற்றிப் பேச்செடுக்கும்போதே, பழைய ஸ்கேன் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். முடிந்தால் மாமியையும் கூட்டிக்கொண்டு போகட்டும்.