நிழல் உங்களைவிடக் குட்டையாயிடுச்சா?

மிஸ்ஸைக் கேளுங்க! இந்த வாரம்: ஒரு நாள் காட்டுப் பயணம்

"ஒரே நாள்ல போய்ட்டு வர்ற காடு, மலை, ஏரி பத்திக் கேளுங்க"ன்னு போன இதழ்ல சொன்னாலும் சொன்னேன், கடிதம் குவிஞ்சிடுச்சு. வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாநகராட்சிப் பள்ளியில 31 வருஷம் பி.டி. மிஸ்ஸா விசிலும் கையுமா நின்னவ நான். டாக்டர் இல்ல, வனத்துறை அதிகாரியும் இல்ல. பட்டதைச் சொல்றேன்.

எனக்கு 46 வயசு. சர்க்கரை இருக்கு, மாத்திரை சாப்பிடுறேன். நானும் என் நாத்தனாரும் 'முழு நாள் அட்வெஞ்சர் டூர்' ஒண்ணுக்குப் போகலாம்னு ஆசைப்படுறோம். வேன்ல கூட்டிட்டுப் போய் காட்டுல நடை, ஓடையில குளியல், மதியச் சாப்பாடு, ராத்திரி வீடு. தலைக்கு 1,800 ரூபாய். பணம் கட்டுறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும் மிஸ்?
– வாசகி, கொடுங்கையூர்

நாத்தனாரோட போறீங்களா? பாதி அட்வெஞ்சர் வேன்லயே முடிஞ்சிடும்.

போன் போட்டு முதல்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க தங்கச்சி: "நடக்க ஆரம்பிக்கிறது எத்தனை மணிக்கு?" வேன் கிளம்புற நேரத்தைச் சொல்வாங்க. அது வேண்டாம். காட்டுக்குள்ள முதல் அடி வைக்கிற நேரம் வேணும். ஏழுன்னா சந்தோஷம். எட்டுன்னா பரவாயில்ல. "எல்லாரும் வந்து சேர்ந்ததும் மேடம்"னு இழுத்தாங்கன்னா, அந்த 1,800 ரூபாய்க்கு நாத்தனாருக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்துடுங்க.

ஏன் இவ்வளவு கறாரா சொல்றேன்னா, பத்து வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு விளம்பரத்தைப் பாத்துட்டு ஆந்திர எல்லையோரம் ஒரு ஓடைக்குப் போனேன். கூட்டிட்டுப் போனவங்க பேர் வேண்டாம். காலையில ஆறு மணிக்கு மூலக்கடையில நிக்கச் சொன்னாங்க, நின்னேன். ரெண்டு பேர் பெரம்பூர்ல இருந்து வரணும், ஒருத்தர் ஆட்டோவுல வந்துட்டே இருக்கார், டிரைவருக்கு டீ குடிக்கணும். காட்டுக்குள்ள நுழையும்போது பத்தே முக்கால். நாங்க 34 பேர், வழிகாட்ட ஒரே ஒரு பையன். தண்ணிக்கு என்ன பண்றதுன்னு கேட்டா, "உள்ள ஓடை இருக்கு, பிடிச்சுக்கலாம்"னான். மார்ச் மாசம். ஓடையில மணலும் காஞ்ச சருகும்தான் ஓடிச்சு.

பன்னிரண்டரை வாக்குல எனக்கு முன்னாடி நடந்துட்டிருந்த காலேஜ் பொண்ணு நின்னு, திரும்பி, என்னைப் பாத்து ரொம்பச் சாதாரணமா கேட்டா: "ஆன்ட்டி, எண்ணூர் பஸ் போயிடுச்சா?"

நாலு பேர் சிரிச்சாங்க. எனக்கு வயித்துல புளியைக் கரைச்சது. நெத்தியில கை வெச்சேன், தோசைக்கல்லு. வேர்வை நின்னுபோயிருந்தது. காலையில ஒண்ணுமே சாப்பிடலைன்னு அவ தோழி அப்பத்தான் சொல்றா. மரத்தடியில படுக்கவெச்சு, ஆளாளுக்கு பாட்டில்ல மிச்சம் வெச்சிருந்த தண்ணியைப் பிடுங்கி, கழுத்து, அக்குள், தொடையிடுக்குன்னு ஊத்தினேன். துப்பட்டாவை நனைச்சு மேல போட்டு, டிபன் பாக்ஸ் மூடியால மாத்தி மாத்தி விசிறினோம். அந்தப் பையன் கூல்டிரிங்க்ஸைத் திறந்து அவ வாயில ஊத்த வந்தான், கையைத் தட்டிவிட்டேன். நிதானம் இல்லாதவங்க வாயில எதையும் ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். இருபது நிமிஷம் கழிச்சு, "என் செருப்பு எங்க?"ன்னா. அப்பத்தான் எனக்கு உசிரு வந்தது. (செருப்பு! காட்டுக்கு!) கண்ணைத் திறந்துட்டாளேன்னு விடல, தூக்கிட்டு வந்து நேரா ஆஸ்பத்திரிதான்.

உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு தடம் மாறினா அது வெறும் மயக்கம் இல்ல, வெப்பவாதம். ஒருத்தர் 108-க்குப் போன் போடுங்க, மத்தவங்க அந்த நிமிஷமே தண்ணி ஊத்த ஆரம்பிச்சிடுங்க. ஆம்புலன்ஸ் வந்து பாத்துக்கும்னு காத்திருக்கக் கூடாது.

ரெண்டாவது கேள்வி, வனத்துறை அனுமதி. "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்"னா, "அந்தச் சீட்டை வாட்ஸ்அப்ல அனுப்புங்க"ன்னு சொல்லுங்க. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில சிக்கினது ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்குன்னு தமிழ்நாடு அரசு தனியா விதிகள் கொண்டுவந்தது. கோடையில தீ காலத்துல தடங்களையே மூடிடுவாங்க. அந்த நேரத்துலயும் ஒருத்தர் கூட்டிட்டுப் போறேன்னா, திருட்டு வழியிலதான் கூட்டிட்டுப் போறார்னு அர்த்தம்.

உங்களுக்கு நான் சொல்றது குடியம் குகை. பூண்டி ஏரிக்கு அந்தாண்ட, திருவள்ளூர் மாவட்டம். 2024 அக்டோபர்ல வனத்துறையே 40 தடங்களைத் திறந்து ஆன்லைன் பதிவு ஆரம்பிச்சதே, அதுல குடியமும் ஒண்ணு. உள்ளூர் ஆளுங்களே வழிகாட்டியா வருவாங்க. பெரிய ஏத்தம் கிடையாது. ஆனா பாதை பூரா செம்மண்ல உருண்டைக் கூழாங்கல், கோலிகுண்டு கொட்டின மாதிரி. ஏறும்போது ஒண்ணும் தெரியாது, இறங்கும்போதுதான் வாரிவிடும். குகைன்னு பேரு, நிஜத்துல அது பெரிய பாறைக்கூரை. தலைக்கு மேல பாத்தா அதே கூழாங்கல்லுங்க கூரையில பதிஞ்சு நிக்கும், பக்கத்துல ஆள் உயரத்துக்கு மலைத்தேனீக் கூடு தொங்கும். அங்க சத்தம், புகை, சென்ட் மூணும் ஆகாது. பக்கத்துல அதிரம்பாக்கம். 1863-ல ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்த இடம். அங்க கிடைச்ச கருவிகளோட வயசு 15 லட்சம் வருஷம்னு கணக்குப் போட்டிருக்காங்க. பூண்டியில சின்னதா ஒரு அருங்காட்சியகம் இருக்கு, வெயில் ஏறினதும் அதுக்குள்ள போய்ப் பாருங்க.

சர்க்கரைக்கு: டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, மாத்திரை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் மாத்தாம போங்க. கைக்கு எட்டுற பையில குளுக்கோஸ் வெச்சுக்குங்க. பாதத்தை ராத்திரி கண்ணாடி வெச்சுப் பாருங்க, கொப்புளம் வந்திருந்தாலும் உங்களுக்கு வலி தெரியாம இருக்கலாம். இதுக்குன்னு புது ஷூ வாங்காதீங்க. வாங்கினா ஒரு மாசம் மார்க்கெட்டுக்குப் போட்டுட்டுப் போய் பழக்குங்க.

நான் லோடு வேலை பாக்குறவன். வெயில் நமக்குப் பழக்கம். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் மூணு லிட்டர், நாலு லிட்டர்னு தூக்கிட்டு வர்றானுங்க. எனக்கு ஒரு லிட்டர் போதாதா?
– வாசகர், ராயபுரம்

போதாது தம்பி. உனக்குத்தான் அவங்களைவிட அதிகமா வேணும்.

வெயில் பழகின உடம்பு என்ன பண்ணும் தெரியுமா? சீக்கிரமே வேர்க்கும், நிறைய வேர்க்கும். அதுதான் பழக்கம்ங்கிறதே. வேர்வை காயும்போதுதான் உடம்பு குளிரும். வெயில்ல ஏத்தத்துல நடந்தா ஒரு மணி நேரத்துல ஒரு லிட்டர் வேர்வை போறது சாதாரணம். உன் ஒரு லிட்டர் பாட்டில் ஒரு மணி நேரத்துக் கணக்கு. நீ நடக்கப்போறது நாலு மணி நேரம்.

இதுல நம்ம கடலோர ஊருங்களுக்கு இன்னொரு வம்பு. கொடியில போட்ட துணி காயாத நாள்ல உன் உடம்பு வேர்வையும் காயாது. சொட்டும், குளிராது. தெர்மாமீட்டர் 34-தானே காட்டுதுன்னு ஏமாறாதே. ராயபுரத்துல மதியத்துக்கு மேல கடல்காத்து வந்து காப்பாத்தும், பூண்டிப் பக்கம் அது போய்ச் சேர சாயங்காலம் ஆயிடும். அங்க வெயில் வெயில்தான்.

தலைக்கு மூணு, நாலு லிட்டர் தூக்கு. தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்காம அப்பப்ப ரெண்டு வாய் குடி. வெறும் தண்ணியே லிட்டர் கணக்கா குடிச்சா உப்பு குறையும், அதுவும் ஆபத்து. ஒரு பாட்டிலை ஓ.ஆர்.எஸ். போட்டு வை. பாக்கெட் கிடைக்கலைன்னா ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டும் தலைதட்டி.

அப்புறம் நிழல் கணக்கு. எங்க பள்ளிக்கூட மைதானத்துல ஒரு கம்பு நட்டு வெச்சிருந்தேன். நம்ம சென்னை இருக்கிறது வடக்கு அட்சரேகை 13 டிகிரியில. அதனால வருஷத்துல ரெண்டு நாள், ஏப்ரல் 24 வாக்குலயும் ஆகஸ்ட் 18 வாக்குலயும், நடு மதியம் சூரியன் நேர் உச்சிக்கு வந்துடும், அந்தக் கம்புக்கு நிழலே இருக்காது. பசங்க அதைப் பாக்க வெயில்ல வரிசையா நிப்பானுங்க. "இன்னா மிஸ், நெழலு துன்ட்டியா?"ன்னு ஒருத்தன் கேட்டான். அந்தக் கம்பை வெச்சு அவனுங்களுக்கு நான் போட்ட சட்டம் இதுதான்: நிழல் உன்னைவிடக் குட்டையாயிடுச்சா, விளையாட்டை நிறுத்து. ஜனவரியில அது பத்தேகாலுக்கு மேல ஆகும், ரெண்டேகால் வரைக்கும் இருக்கும். ஏப்ரல் கடைசியில காலையில ஒன்பதுக்கே குட்டையாயிடும், மூணு மணி தாண்டித்தான் நீளும். காட்டுலயும் அதே சட்டம். வாட்ச்சே வேண்டாம், தரையைப் பாரு.

சாயங்காலம் ஆற அமர நடக்கலாம்னும் நினைக்காதே. நவம்பர் கடைசியில நமக்கு 5.40-க்கெல்லாம் சூரியன் விழுந்துடும், அரை மணி நேரத்துல கும்மிருட்டு. டார்ச் எடுத்துக்கோ. செல்போன் டார்ச் கணக்குல சேராது.

பாம்பு இருக்குமா மிஸ்?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

இருக்கும். காடு அதோட வீடு. கல் சந்துல கை விடாதீங்க, மரத்துண்டைத் தாண்டும்போது அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாத்துக் கால் வைங்க. கடிச்சிட்டா கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, கயிறு போட்டுக் கட்டாதீங்க. கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாம வெச்சு, அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. பாம்பை அடிச்சுத் தூக்கிட்டுப் போகணும்னு அவசியமே இல்ல. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கிறதுல மகாபலிபுரம் பாதையில வடநெம்மேலியில இருக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு, 1978-லிருந்து.

முப்பது வருஷத்துல நான் காட்டுல பாத்தது நாலு பாம்பு. மயங்கி விழுந்தவங்களை எண்ணி மாளாது.

நாங்க இருக்கிறதே ஆத்துக்கும் கடலுக்கும் நடுவுல. காசு கொடுத்து வேன்ல எங்கயோ போகணுமா? இங்கயே ஒரு நாள் சுத்த முடியாதா?
– வாசகர், கத்திவாக்கம்

தம்பி, பூண்டியில நிக்கிற அதே கொசஸ்தலை ஆறுதான் உன் வீட்டுப் பின்னாடி எண்ணூர்ல கடலைத் தொடுது. அங்க அது என்ன நிறத்துல இருக்கு, உன்கிட்ட வரும்போது என்ன நிறத்துல இருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. 2023 டிசம்பர் வெள்ளத்தோட கழிமுகத்துல எண்ணெய் பரவினப்போ அலையாத்தி வேரெல்லாம் தார் பூசின மாதிரி நின்னதைப் பாத்துட்டு ராத்திரி தூக்கம் வரல.

கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஏறி பொன்னேரியில இறங்கு, அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ். செலவு ஒரு பிரியாணிக்குக் கீழதான். ஒடிசாவுல இருக்கிற சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவுலயே பெரிய உப்புநீர் ஏரி. ஜனவரியில விடியற்காலையில போனா பூநாரைக் கூட்டம் இருக்கும். தூரத்துல வெள்ளைக்கோடு மாதிரி தெரியும், எழும்பும்போதுதான் இறக்கையோட சிவப்பு தெரியும். நிழல் குட்டையாகறதுக்குள்ள டச்சுக் கல்லறையைப் பாத்துடு. டச்சுக்காரங்க 1613-ல அங்க கோட்டை கட்டினவங்க. கல்லறை வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு சிற்பம் நிக்கும். ஒண்ணைத் தொட்டுட்டு எங்க பள்ளிப் பொண்ணு ஒருத்தி, "மிஸ், இதுக்கும் சத்துணவு போடலியா?"ன்னா.

படகு விஷயத்துல மட்டும் என் பேச்சைக் கேளு. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு அங்க படகு கவுந்து 22 பேர் செத்தாங்க. ஏரி பெரும்பாலும் இடுப்பளவுதான், ஆனா கடல் உள்ள வர்ற முகத்துவாரத்துல இழுப்பு வேற. அனுமதி இல்லாத படகுல, லைஃப் ஜாக்கெட் இல்லாம, எவ்வளவு தெரிஞ்சவர் கூப்பிட்டாலும் ஏறாதே. கரையில நின்னாலே பறவை தெரியும்.

சாப்பாட்டுக்கு என்ன கட்டலாம்? மாமியார் தயிர்சாதம்ங்கிறார், பசங்க பரோட்டாங்கிறானுங்க.
– வாசகி, வியாசர்பாடி

ரெண்டும் வேண்டாம். வெயில்ல தயிர்சாதம் மதியத்துக்குள்ள புளிச்சிடும். பரோட்டா தின்னா நடக்க முடியாது, தூக்கம்தான் வரும்.

இட்லிக்கு சூட்டோடயே நல்லெண்ணெயில குழைச்ச மிளகாய்ப்பொடியைத் தடவி, ஆறவிட்டு, வாட்டின வாழை இலையில மடிச்சுக் கட்டுங்க. ஆறாம கட்டினா வேர்த்து ஊசிப்போயிடும். புளிசோறு ரெண்டாவது. இடையில கொறிக்க உப்புக்கடலை, கடலைமிட்டாய், வெள்ளரிக்காய். சாக்லேட் கொண்டுபோனா பையில குழம்புதான் மிஞ்சும். நீர்மோரை முந்தின ராத்திரியே பாட்டில்ல ஊத்தி ஃப்ரீஸர்ல போட்டுடுங்க. பத்து மணிக்கு பாதி உருகி, கல்கண்டு மாதிரி பனிக்கட்டி மிதக்கும். பாட்டிலை முக்கால்வாசி மட்டும் நிரப்புங்க. முழுக்க நிரப்பி, அது வெடிச்சு, பெருங்காய வாசனையோட என் ஃப்ரீஸர் ஒரு மாசம் இருந்தது.